அரையாண்டு லீவுக்கு வீட்டு சாக்லேட்: ஓர் ஊட்டிக்காரியின் செய்முறை

ஊட்டி சாக்லேட்டில் ரகசியம் என்று எதுவும் இல்லை. இதைச் சொன்னால் எங்கள் ஊர் கமர்ஷியல் ரோட்டில் சிலர் முகம் சுளிப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு கடையின் பின்கட்டில் சாக்லேட் ஊற்றும் வேலையில் இருந்தவள் நான். பெட்டி பெட்டியாக வரும் சாக்லேட் கட்டியை உருக்குவோம், வறுத்த பருப்பைக் கலப்போம், தட்டில் ஊற்றுவோம், உறைந்ததும் உடைத்து எடை போடுவோம். அவ்வளவுதான். கோகோ கொட்டையை இங்கேயே அரைத்துச் செய்கிறார்கள் என்று நம்பி மலையேறி வருகிறவர்கள் நிறைய. அப்படி அரைக்கிறவர்களும் இப்போது சிலர் வந்துவிட்டார்கள். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் ‘ஹோம்மேட்’ என்று அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி உருக்கி ஊற்றியதுதான்.

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உருக்கி ஊற்றுவதைப் பளபளப்பாக, கையில் ஒட்டாமல், கடித்தால் டக்கென்று உடையும்படி செய்வது ஒரு கைவேலை. ஒன்று மட்டும் உண்மை: அந்த வேலையில் பாதியை எங்களுக்கு இந்த ஊர்க் குளிர் செய்து கொடுத்துவிடும். 2,240 மீட்டர் உயரம். டிசம்பரில் நடுப்பகலில்கூட இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தட்டை மேஜையில் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் சாக்லேட் தானாக இறுகியிருக்கும். சமவெளியில் இருக்கிற நீங்கள் அந்தக் குளிரின் வேலையையும் சேர்த்துக் கையால் செய்ய வேண்டும். செய்யலாம், கஷ்டமில்லை.

அதற்கு நல்ல காலம் அரையாண்டுத் தேர்வு லீவுதான். கிறிஸ்துமஸும் புத்தாண்டும் உள்ளே வந்துவிடும், பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், சென்னையில்கூட விடியற்காலையில் இருபது, இருபத்தோரு டிகிரிக்கு இறங்கும். மே மாத லீவில் ஏசி இல்லாத வீட்டில் இதில் இறங்காதீர்கள். அந்த மாதத்துக்கு ஐஸ்கிரீம் இருக்கிறது.

எந்தக் கட்டியை வாங்குவது

பேக்கரிச் சாமான் விற்கும் கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று காம்பவுண்ட், இன்னொன்று கூவர்ச்சர். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பின்பக்கம் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். காம்பவுண்டில் ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட் என்று இருக்கும், பெரும்பாலும் பனைக்கொட்டை எண்ணெயிலிருந்து வருவது. கூவர்ச்சரில் கோகோ பட்டர் இருக்கும். விலையில் நல்ல வித்தியாசம் தெரியும், வாயில் வைத்தால் அதைவிட வித்தியாசம் தெரியும். கோகோ பட்டர் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே, 34 டிகிரியை ஒட்டி உருகிவிடும். அதனால் நாக்கில் வைத்ததும் கரைந்து ஒன்றும் மிச்சமில்லாமல் போகும். காம்பவுண்ட் சில சமயம் அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒரு படலத்தை விட்டுவிடும்.

ஆனால் காம்பவுண்டை நான் ஒதுக்க மாட்டேன். உருக்கு, ஊற்று, ஆறவிடு என்ற மூன்றோடு அதன் வேலை முடிகிறது. சூட்டைக் கணக்குப் பார்த்து ஏற்றி இறக்கத் தேவையில்லை. முதல் தடவை செய்கிறவர்கள், சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்கிறவர்கள், ஏசி இல்லாதவர்கள் எல்லோரும் காம்பவுண்டிலேயே ஆரம்பியுங்கள். மோர்டே, வான் ஹூட்டன் போன்ற பெயர்களில் 400, 500 கிராம் கட்டிகளாகக் கிடைக்கும். டார்க்கில் ஒன்று, மில்க்கில் ஒன்று வாங்கி இரண்டையும் பாதிப் பாதி கலந்தால் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பொதுவான ருசி வரும். வெறும் மில்க் காம்பவுண்ட் எனக்குத் திகட்டும். வெள்ளை காம்பவுண்டைப் பற்றிக் கேட்காதீர்கள், சர்க்கரையும் கொழுப்பும் தவிர அதில் என்ன இருக்கிறது? மேலே கோடு இழுத்து அலங்கரிக்க மட்டும் நூறு கிராம் வைத்துக்கொள்ளலாம்.

சாப்பிட வாங்கும் சாக்லேட் பாரை உருக்கிச் செய்யலாமா என்று அக்கா ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். வேண்டாம். அது உருகினாலும் கெட்டியாக நிற்கும், அச்சுக்குள் ஓடாது. விலையும் கட்டாது.

கோகோ கொட்டையிலிருந்தே வீட்டில் செய்ய முடியாதா என்றும் சிலர் கேட்பார்கள். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது, கொட்டை கிடைக்காமல் போகாது. ஆனால் காயை உடைத்து, கொட்டையைச் சதையோடு ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி, அப்புறம் கல்லில் ஒரு நாளுக்கு மேல் விடாமல் அரைக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், வெளிநாடுகளில் சின்ன அளவில் சாக்லேட் செய்கிறவர்கள் பலரும் அரைப்பதற்கு வைத்திருப்பது நம் கோயம்புத்தூர் டேபிள்டாப் கிரைண்டரின் வம்சம்தான். இட்லி மாவுக்கென்று வந்ததை நீண்ட நேரம் ஓடும்படி மாற்றிக்கொண்டார்கள். அதற்காக வீட்டு கிரைண்டரில் போட்டுப் பார்க்காதீர்கள். மோட்டாருக்கும் நல்லதில்லை, அடுத்த வாரம் இட்லியிலும் கோகோ வாசம் வரும்.

தண்ணீர்தான் எதிரி

உருகிய சாக்லேட்டில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், வழுவழுப்பு போய்ப் பொருபொருவென்று திரண்டுவிடும். சாக்லேட் என்பது கொழுப்புக்குள் மிதக்கும் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும்தான். ஈரம் பட்டதும் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்படித் திரண்டதை மறுபடி ஊற்றும் பதத்துக்குக் கொண்டுவர முடியாது. தூக்கியும் போடாதீர்கள், சூடான பாலை ஊற்றிக் கலக்கினால் பிள்ளைகளுக்கு சாக்லேட் பால் ஆகிவிடும்.

அதனால் முதல் நாள் ராத்திரியே பாத்திரம், கரண்டி, அச்சு எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். காலையில் இன்னொரு முறை காய்ந்த துணியால் துடையுங்கள். மரக்கரண்டி வேண்டாம், அது ஈரத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும், போன வாரச் சாம்பார் வாசத்தையும் சேர்த்து. சிலிக்கான் கரண்டி நல்லது, இல்லாவிட்டால் சாதாரண எவர்சில்வர் கரண்டி. அதே அடுப்பில் பக்கத்தில் குக்கர் விசிலடித்துக்கொண்டிருக்கக் கூடாது. சாக்லேட் செய்யும் காலையில் எங்கள் வீட்டில் மதியச் சமையல் தாமதமாகத்தான் ஆரம்பிக்கும், மாமியார் அதற்குப் பழகிவிட்டார்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், குச்சி மாதிரி உள்ளே விடுவது. காம்பவுண்டுக்கு அவசியமில்லை. கூவர்ச்சருக்கு அது இல்லாமல் இறங்க வேண்டாம். கடையில் என் மேஸ்திரி உருகிய சாக்லேட்டைக் கீழுதட்டில் தொட்டுப் பார்த்தே சூட்டைச் சொல்வார். அந்தப் பழக்கம் வர வருஷக்கணக்காகும்.

உருக்குவது

கட்டியைப் பலகையில் வைத்துக் கத்தியால் சன்னமாகச் சீவுங்கள். பெரிய துண்டாகப் போட்டால் ஓரம் காயும், நடு உருகாது. ஒரு பாத்திரத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் வைத்துக் கொதிக்க விட்டு, அடுப்பை அணைத்துவிடுங்கள். அதன் வாய்க்குச் சரியாக உட்காரும் இன்னொரு பாத்திரத்தை மேலே வைத்து, அதில் சீவிய சாக்லேட்டைப் போடுங்கள். மேல் பாத்திரத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. ஓரத்தில் இடைவெளி இருந்தால் ஆவி ஏறி உள்ளே இறங்கும், அதையும் பாருங்கள். ஒரு நிமிஷம் சும்மா விட்டு, அப்புறம் மெதுவாகக் கலக்குங்கள். முக்கால்வாசி உருகியதும் மேல் பாத்திரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தை உடனே துணியால் துடையுங்கள், மீதி அந்தச் சூட்டிலேயே உருகும். தூக்கும்போது அடியிலிருந்து வழியும் நீர்தான் பல வீடுகளில் காரியத்தைக் கெடுக்கிறது.

மைக்ரோவேவ் இருந்தால் அது இன்னும் சுலபம், ஈரத்தின் பேச்சே இல்லை. பாதிச் சூட்டில் முப்பது நொடி, வெளியே எடுத்துக் கலக்கு, மறுபடி முப்பது நொடி. டார்க் 50 டிகிரியைத் தாண்டக் கூடாது, மில்க்கும் வெள்ளையும் 45. பாலும் சர்க்கரையும் சீக்கிரம் தீய்ந்துவிடும்.

டெம்பரிங் எனும் ஏற்றி இறக்கும் வேலை

காம்பவுண்ட் வாங்கியவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். கூவர்ச்சர் வாங்கியவர்கள் நிதானமாகப் படியுங்கள், பணம் போட்டு வாங்கியது வீணாவது இங்கேதான்.

கோகோ பட்டர் ஆறு விதமாகப் படிகமாகும். அதில் ஐந்தாவது வடிவம்தான் நமக்கு வேண்டும். பளபளப்பு, உடையும் சத்தம், கையில் ஒட்டாத தன்மை எல்லாம் அதில்தான் இருக்கிறது. மற்ற வடிவங்களில் இறுகினால் சாக்லேட் மந்தமாக, தொளதொளவென்று, இரண்டு நாளில் மேலே சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். உருக்கியவுடன் எல்லாப் படிகமும் அழிந்துவிடும். அப்புறம் சரியான படிகத்தை மட்டும் திரும்ப வளர்க்க வேண்டும். அதற்குப் பெயர்தான் டெம்பரிங்.

பெரிய கடைகளில் பளிங்குக் கல்லில் ஊற்றித் தேய்ப்பார்கள். வீட்டுக்கு அது வேண்டாம், தரையெல்லாம் சாக்லேட் ஆகும். விதை போடும் முறை போதும். 500 கிராம் டார்க் கூவர்ச்சரைச் சீவி, அதில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். மீதியை 45லிருந்து 48 டிகிரி வரும்வரை உருக்குங்கள். அடுப்புப் பக்கத்திலிருந்து நகர்த்தி, எடுத்து வைத்ததைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். அந்தச் சீவலில் நல்ல படிகம் ஏற்கெனவே இருக்கிறது, உருகியதற்குள் போய் அதுதான் விதையாகும். டார்க் 31லிருந்து 32 டிகிரிக்கு இறங்கினால் தயார். மில்க்குக்கு 29லிருந்து 30. வெள்ளைக்கு 28, 29. கடைசியில் கரையாத துண்டு மிதந்தால் எடுத்துவிடுங்கள்.

இப்போது ஒரு கத்தி முனையை அதில் தோய்த்து மேஜையில் வையுங்கள். அறை இருபது டிகிரியில் இருந்தால் ஐந்து நிமிஷத்துக்குள் காய்ந்து மின்ன வேண்டும். காயவில்லை என்றாலோ, கோடு கோடாகத் தெரிந்தாலோ இன்னும் கொஞ்சம் சீவலைப் போட்டுக் கலக்குங்கள். வேலை செய்யும்போதே ஆறிக் கெட்டியானால் ஹேர் டிரையரால் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் லேசாகச் சூடு காட்டலாம், டார்க்குக்கு 32ஐத் தாண்டாமல். தாண்டினால் படிகம் போய்விட்டது, முதலிலிருந்துதான்.

சென்னை, மதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது அறையின் சூடு. அறையே 28 டிகிரியில் இருந்தால் 31 டிகிரி சாக்லேட் எப்படி உறையும்? கூவர்ச்சர் என்றால் ஏசியை 20ல் வைத்து, அறை நன்றாகக் குளிர்ந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஆரம்பியுங்கள். ஏசி காற்றின் ஈரத்தையும் குறைக்கும், கடலோர ஊர்களுக்கு அது பெரிய உதவி. ஏசி இல்லாதவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து காம்பவுண்டில் செய்யுங்கள்.

அப்புறம் பிரிட்ஜ். திருப்பூரிலிருந்து வரும் அக்கா பையன் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை “சித்தி, உறைஞ்சிடுச்சா?” என்று கதவைத் திறப்பான். திறக்கத் திறக்க வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போய்ச் சாக்லேட் மேல் வியர்க்கும். ஊற்றியதும் பத்துப் பதினைந்து நிமிஷம் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஃப்ரீசரில் வேண்டாம். எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே வைக்க வேண்டும்.

ராக்ஸ்

ஊட்டியில் எல்லாக் கடையிலும் இருப்பது, பிள்ளைகள் கையாலேயே செய்யக்கூடியது. பாதாமை நீளவாக்கில் சீவி 200 கிராம் எடுத்து, வாணலியில் மிகச் சின்னத் தீயில் எட்டு பத்து நிமிஷம் பொன்னிறமாக வறுங்கள். பருப்பை வறுக்காமல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது எனக்குப் புரியாத விஷயம். வாசனையே அங்கேதான் இருக்கிறது. வறுத்தது முழுக்க ஆறட்டும். வெதுவெதுப்பாகப் போட்டால் டெம்பர் செய்ததெல்லாம் கெட்டுப்போகும். 200 கிராம் உருகிய சாக்லேட்டில் பருப்பைப் போட்டு, ஒரு சிட்டிகை உப்புத்தூள் சேர்த்துப் புரட்டி, பட்டர் பேப்பரில் ஸ்பூன் ஸ்பூனாகக் குவித்து வையுங்கள். பருப்பு பாதி, சாக்லேட் பாதி என்ற கணக்கை மாற்றாதீர்கள். சாக்லேட் கூடினால் குவியல் நிற்காமல் பரவிவிடும்.

ஃப்ரூட் அண்ட் நட்டுக்கு இதில் பாதி வேலைதான். 500 கிராம் சாக்லேட்டுக்கு வறுத்த முந்திரி, பாதாம், வால்நட் எல்லாம் சேர்த்து 150 கிராம், உலர்திராட்சை 75 கிராம். திராட்சையைக் கழுவினால் ஒரு முழு நாள் நிழலில் காய்ந்திருக்க வேண்டும். பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு ஊற்றித் தட்டைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் காற்றுக் குமிழ் போகும். உறைந்த பிறகு கையால் கோணல்மாணலாக உடையுங்கள். எங்கள் ஊர் வழக்கம் அதுதான்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் போட்டது

இது கடையில் கற்றதில்லை, என் வீட்டுச் சரக்கு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கு முன்பே என் அப்பாவுக்கு அது தெரியாத ருசி இல்லை. அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வந்தால் பொட்டலத்தோடு வருவார்கள். 200 கிராம் கடலைமிட்டாயைத் துணியில் கட்டிக் குழவியால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். தூளாகக் கூடாது, கடலை அரையும் முழுசுமாக இருக்கட்டும். 250 கிராம் டார்க் சாக்லேட்டை உருக்கி அதில் புரட்டி, அச்சிலோ பட்டர் பேப்பரிலோ போடுங்கள். டார்க் என்றால் டார்க்தான். மிட்டாயில் வெல்லம் இருக்கிறது, மில்க் போட்டால் இனிப்பு தாங்காது.

வெல்லம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஆகவே மொறுமொறுவென்று இருக்கும் புதிய மிட்டாயாக வாங்கி, உடைத்த உடனே சாக்லேட்டில் போட்டுவிடுங்கள். எந்தத் துண்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்காமல் முழுக்க மூடியிருந்தால் ஒரு வாரம் மொறுமொறுப்பு போகாது. விருந்தாளிகள் முதலில் காலி செய்வது இந்தத் தட்டைத்தான். விலை உயர்ந்த பாதாம் எல்லாம் அப்புறம்தான்.

மார்சிபான்

கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டில் மார்சிபான் இல்லாமல் இருக்காது. ஐரோப்பாவில் அதைப் பாதாமில் செய்வார்கள், நம் ஊர் ஆங்கிலோ இந்திய வீடுகளிலும் பேக்கரிகளிலும் முந்திரியில் செய்வது வழக்கமாகிவிட்டது. சில வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். நான் சேர்ப்பதில்லை, வேகாத முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. முட்டையில்லாமல் செய்தால் அது ஏறக்குறைய முந்திரி கத்லிதான், தீபாவளிக்குச் செய்த கை தானாகச் செய்துவிடும்.

250 கிராம் முந்திரியை மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். சலித்துக்கொள்ளுங்கள். 130 கிராம் சர்க்கரையில் 60 மில்லி தண்ணீர் விட்டு ஒரு கம்பிப் பதம் வந்ததும் முந்திரிப் பொடியைப் போட்டு, சின்னத் தீயில் கிளறுங்கள். பாத்திரத்தில் ஒட்டாமல் உருண்டு வந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, இரண்டு சொட்டு ஆல்மண்ட் எசன்ஸோ ஒரு ஸ்பூன் பன்னீரோ சேருங்கள். சின்னச் சின்ன உருண்டையாகவோ விரல் நீளக் கட்டையாகவோ பிடித்து, ராத்திரி முழுக்கத் தட்டில் காற்றாட விடுங்கள். மேல்தோல் காய்ந்திருந்தால்தான் சாக்லேட் பிடிக்கும். மறுநாள் ஒவ்வொன்றாக முள்கரண்டியில் வைத்து உருகிய டார்க்கில் முக்கி எடுத்து, கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டி வழிவதை வழிய விட்டு, பட்டர் பேப்பரில் இறக்குங்கள். அப்படித் தட்டாமல் வைத்தால் அடியில் பாதம் மாதிரி ஒரு திட்டு படியும். சாப்பிட ஒன்றும் குறையில்லை, ஆனால் என் மேஸ்திரி அதைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

டிரஃபிள்

கிரீம் கலந்து செய்யும் மெத்தென்ற சாக்லேட் உருண்டை இது. 200 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 100 மில்லி ஃப்ரெஷ் கிரீம். நம் கடைகளில் கிடைக்கும் அமுல் கிரீமில் 25 சதவீதம்தான் கொழுப்பு, வெளிநாட்டுக் குறிப்புகளில் சொல்லும் கிரீம் அதைவிடக் கெட்டி. அதனால்தான் அவர்கள் அளவைப் போட்டால் நமக்கு உருண்டை பிடிக்க வராது. கிரீமை ஓரத்தில் குமிழ் வரும்வரை சூடாக்கி, சீவிய சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிஷம் தொடாதீர்கள். அப்புறம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சின்ன வட்டத்தில் கலக்குங்கள். தண்ணீர் ஆகாது என்று சொல்லிவிட்டுக் கிரீம் ஊற்றச் சொல்கிறாளே என்று தோன்றும். கொஞ்ச ஈரம்தான் திரள வைக்கும், நிறைய ஈரம் சர்க்கரையைக் கரைத்துக் கொழுப்போடு ஒன்றாகக் கலந்துவிடும். எண்ணெய் பிரிந்து நின்றால் வெதுவெதுப்பான பால் ஒரு ஸ்பூன் விட்டு அடித்துக் கலக்கினால் சேர்ந்துவிடும்.

இதில் கெட்டியான ஃபில்டர் காபி டிகாஷன் ஒரு டேபிள்ஸ்பூன் விடுங்கள். முதல் டிகாஷன், சிக்கரி அதிகமில்லாதது. அல்லது சுக்குப்பொடியும் ஏலக்காயும். இரண்டும் சேர்த்து வேண்டாம். இரண்டு மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, சின்ன நெல்லிக்காய் அளவு உருட்டிக் கோகோ பவுடரில் புரட்டுங்கள். உள்ளங்கைச் சூட்டில் இளகும், அதனால் வேகமாக உருட்ட வேண்டும். இதை மட்டும் பிரிட்ஜில் வைத்து நான்கைந்து நாளுக்குள் முடித்துவிடுங்கள், உள்ளே பால் பொருள் இருக்கிறது.

ரம் திராட்சை போட்டது கேட்பவர்களுக்கு: கேக்குக்கு ஊறப்போட்டதில் ஒரு கைப்பிடி எடுத்து, நன்றாக வடித்து, துணியில் ஒற்றி, டிரஃபிள் கலவையில் கலந்துவிடுங்கள். வெறும் சாக்லேட்டில் போட்டால் அதில் இருக்கும் ஈரம் வேலையைக் காட்டும். டப்பாவில் பெரியதாக எழுதி மேல் அலமாரியில் வையுங்கள், பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே நிறமாகத்தான் பார்ப்பார்கள்.

சுற்றுவது, வைப்பது, கொண்டுபோவது

சுற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். வண்ண ஃபாயில் தாள் பேக்கரிச் சாமான் கடையிலேயே இருக்கும். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் எங்களுக்கு ஃபாயில், பட்டர் பேப்பர், அட்டைப்பெட்டிதான் எப்போதும். சாக்லேட்டைக் கையால் தொட்டால் விரல் ரேகை அப்படியே பதியும். பிள்ளைகளுக்கு மெல்லிய பருத்திக் கையுறை வாங்கிக் கொடுங்கள், அதற்காகவே உற்சாகமாக உட்காருவார்கள்.

சாக்லேட் பக்கத்திலிருக்கும் வாசனையை அப்படியே வாங்கிக்கொள்ளும். கோகோ பட்டரின் குணம் அது. மசாலா டப்பா, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் அருகில் வேண்டாம். எங்கள் வீடுகளில் நீலகிரித் தைலப் பாட்டில் இருக்கிற அலமாரியில் சாக்லேட் வைத்தால் அதைச் சளிக்குத்தான் கொடுக்கலாம். காற்றுப் புகாத டப்பாவில், 20 டிகிரியை ஒட்டிய இடத்தில் வைத்தால் பருப்புப் போட்டது ஒரு மாதம் தாங்கும், மார்சிபான் பத்து நாள். சமவெளியில் பிரிட்ஜ்தான் வழி என்றால் டப்பாவை இன்னொரு டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். எடுத்ததும் திறக்காமல் அரை மணி வெளியே இருக்கட்டும்.

மேலே வெள்ளையாகப் பூத்தால் பூஞ்சை என்று பயப்பட வேண்டாம். விரலால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு மறைவது கொழுப்பு, சூடு பட்டு வெளியே வந்தது. சொரசொரவென்று இருந்தால் சர்க்கரை, ஈரம் பட்டுக் கரைந்து மறுபடி படிந்தது. இரண்டும் சாப்பிடலாம். முதல் வகையை மறுபடி உருக்கி ஊற்றவும் செய்யலாம்.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் பையில் சாக்லேட் உருகியது என்று வருஷா வருஷம் யாராவது போன் செய்வார்கள். மலையில் ஒன்றும் ஆகாது, அடிவாரத்தில்தான் ஆகும். காலை முதல் பஸ்ஸில் போங்கள். எவர்சில்வர் டிபன் டப்பாவில் அடுக்கி, நாலைந்து மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, துணிகளுக்கு நடுவில் வையுங்கள். பஸ்ஸில் இன்ஜின் பக்கமும் வெயில் விழும் ஜன்னல் பக்கமும் ஆகாது. டிரஃபிளைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள்.

வீட்டில் நாய் இருந்தால் தட்டை உயரத்தில் வையுங்கள். கோகோவிலிருக்கும் தியோப்ரமைன் நாய்க்கு விஷம், டார்க் சாக்லேட்டில் அது அதிகம். திராட்சையும் நாய்க்கு ஆகாது. பிள்ளைகள் அன்போடு ஊட்டிவிடுவார்கள், முன்னாலேயே சொல்லி வையுங்கள். வருகிற விருந்தாளிக் குழந்தைகளில் யாருக்காவது கடலையோ பருப்போ ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் முதலில் கேட்டுவிடுங்கள், வெறும் சாக்லேட்டை முதலில் ஊற்றிவிட்டு அப்புறம் பருப்பில் கை வைக்கலாம்.

பக்கத்து வீட்டில் ஒரு தட்டுக் கொடுத்தால் அடுத்த வருஷம் அவர்களே ஆர்டர் கேட்பார்கள். சும்மா கொடுக்கும்வரை கேள்வியில்லை. காசு வாங்கி விற்பதாக இருந்தால் வீட்டுச் சமையலறையாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். அதை நவம்பரிலேயே முடித்துவிடுங்கள். டிசம்பரில் உங்களுக்குப் பாதாம் சீவவே நேரம் போதாது.